12 டிகிரி: குன்னூர் ஞாயிற்றுக்கிழமைக் கணக்குக் கூட்டத்தில் வந்த ஒரு தப்பான விடை பற்றிய நிகழ்வு ஆய்வு

நான் கணக்கு வாத்தியார் இல்லை. தேயிலைத் தொழிற்சாலை ஆபீசில் கணக்கு எழுதுகிறவன். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் ஓட்டுப்பட்டறைப் பக்கம் ‘கணக்கு சார்’ என்று கேட்டால் என்னைக் காட்டுவார்கள். எந்தக் கணக்கு என்று யாரும் விசாரிப்பதில்லை. கல்லூரியில் கணிதம் படித்துவிட்டு அதை இருபது வருஷமாக இலை எடையிலும் கூலிப் பட்டியலிலுமே கரைத்த எரிச்சல் ஒன்று உள்ளே இருந்தது. அந்த எரிச்சலில்தான் போன வருஷம் ஜூன் மாதம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை ஆரம்பித்தேன். பரீட்சை கிடையாது, டியூஷன் கிடையாது, கட்டணம் கிடையாது, வயது வித்தியாசம் கிடையாது. கணக்கைப் போட்டுப் பார்த்து ரசிக்கிற ஆட்கள் ஒன்றாக உட்கார வேண்டும், அவ்வளவுதான் திட்டம்.

இடம், ஒரு பேக்கரிக்கு மேலே இருக்கும் அறை. பேக்கரிக்காரர் வாடகை கேட்கவில்லை. டீயும் வர்க்கியும் அவரிடமே வாங்க வேண்டும் என்பது ஒப்பந்தம். முதல் வாரம் பதினாலு பேர் வந்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் ஐந்து பேர். இந்தக் குறிப்பு கூட்டத்தின் முழு வரலாறு இல்லை. பதினாலு எப்படி ஐந்தானது என்று தேடிப் போனபோது ஒரு பெண் சொன்ன ஒரு விடையில் போய் முட்டிக்கொண்டேன். அதைத்தான் எழுதுகிறேன்.

கூட்டம் குறைந்ததற்கு வெளிக் காரணங்களும் உண்டு. நான் முதலில் வைத்த நேரம் சாயங்காலம் நாலு மணி. எங்கள் ஊரில் அஞ்சரை மணிக்கு மேல் காட்டுமாடு தெருவுக்கு இறங்கிவிடும். பெண் பிள்ளைகளை யார் அனுப்புவார்கள்? மலையிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. மதியம் இரண்டு மணிக்கு மாற்றினேன். இருவர் திரும்பி வந்தார்கள். மற்றவர்கள் வராததற்கு மாட்டின் மேல் பழி போட முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை

ஜூலை மாதத்தில் ஒரு மழை நாள். பேச்சு மலை ரயிலைப் பற்றிப் போனது. எங்கள் கூட்டத்தில் ஒரு தாத்தா இருக்கிறார், ரயில் பாதையில் கேங்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர் பாதை. கீழே கடல் மட்டத்துக்கு மேல் 326 மீட்டர், மேலே 2,203. கல்லாறு தாண்டினால் பல் தண்டவாளம் ஆரம்பம். நடுவில் இரண்டு பல் சட்டங்கள் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். ஒன்றின் பல் இருக்குமிடத்தில் மற்றதற்கு இடைவெளி, அதனால் எஞ்சினின் பல் சக்கரம் எந்த நேரமும் ஒரு பல்லையாவது பிடித்திருக்கும். இதையெல்லாம் தாத்தா இரண்டு சீப்பை வைத்துக் காட்டினார். நான் சொன்னால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

அவர் கடைசியில் சொன்னார்: “அந்த ஏத்தம் பன்னண்டுக்கு ஒண்ணு. அதுக்கு மேல எங்கயும் கெடையாது.”

பன்னிரண்டு அடி முன்னே போனால் ஒரு அடி உயரும் என்று அர்த்தம். நான் உடனே கேட்டேன், “சரி, பன்னிரண்டுக்கு ஒன்று என்றால் எத்தனை டிகிரி?”

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், தையற்கடை அக்காவின் மகள், அதுவரை ஆறு வாரமாக வாயே திறக்காதவள், “12 டிகிரி” என்றாள்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு கல்லூரிப் பையன் சிரித்தான். கேலிச் சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். மூக்கால் ஒரு சின்னக் காற்று, அவ்வளவுதான். அதைவிட மோசமானதை நான் செய்தேன். “இல்லம்மா, அது டிகிரி இல்ல, விகிதம்” என்று சொல்லிவிட்டு, பலகையில் முக்கோணம் போட்டு, செல்போனில் தட்டி, 4.76 டிகிரி என்று எழுதி வட்டம் போட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. நல்லபடியாக விளக்கிவிட்டோம் என்ற திருப்தியோடு அடுத்த விஷயத்துக்குப் போனேன்.

அவள் அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அவளோடு வரும் இரண்டு பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள். நான் அப்போது அதைக் கவனிக்கவே இல்லை. பள்ளியில் பரீட்சை வருகிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

தையற்கடையில்

செப்டம்பரில் பேன்ட் கீழ்மடிப்பு அடிக்கக் கொடுக்கப் போனேன். அக்கா அளவெடுத்துக்கொண்டே சொன்னார்: “அவளுக்குக் கணக்கு வராதாம் சார். அங்க எல்லாம் பெரிய ஆளுங்களா இருக்காங்களாம். நான் என்ன சொல்றது?”

பெண் உள்ளே பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டுக் கேட்டேன்: “அன்னிக்கு 12 டிகிரின்னு சொன்னியே, எப்படி வந்தது?”

இதை அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். அவள் சொன்னது இதுதான்: “தாத்தா அதுதான் பெரிய ஏத்தம்னு சொன்னாரு சார். அப்ப நம்பரும் பெருசாத்தான இருக்கும்? பத்துக்கு ஒண்ணுன்னா கொஞ்சம் கம்மி, பன்னண்டுக்கு ஒண்ணுன்னா கொஞ்சம் ஜாஸ்தின்னு நெனச்சேன். டிகிரியும் அப்படித்தான ஏறும்.”

அவளுக்குள் ஒரு ஒழுங்கு இருந்தது. கோணம் அளக்கும் எண் பெரிதானால் ஏற்றமும் பெரிதாகும். சரிவை அளக்கும் எண்ணும் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொண்டாள். உண்மையில் இது தலைகீழ்: ஐந்துக்கு ஒன்று என்பது பன்னிரண்டுக்கு ஒன்றைவிடச் செங்குத்து. நான் பலகையில் போட்ட முக்கோணம் இந்த இடத்தைத் தொடவே இல்லை. அவளுடைய சந்தேகம் ஓர் இடத்தில், என் விளக்கம் வேறோர் இடத்தில்.

கடையில் நின்றபடியே எனக்கு ஒன்று தோன்றியது. “சரி, உன் 12 டிகிரியே இருக்கட்டும். 12 டிகிரியில ஏறினா அது எத்தனைக்கு ஒண்ணு?” என்றேன். அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் சட்டென்று தெரியவில்லை. செல்போனை எடுக்கப் போன கையை அடக்கிக்கொண்டேன். “ஞாயித்துக்கிழமை வா, வரைஞ்சு பாப்போம்.”

4.7-உம் 4.76-உம்

சார்ட் பேப்பரை மேசையில் ஒட்டினோம். பாகைமானியை வைத்து 12 டிகிரி குறித்து நீளமான ஸ்கேலால் கோட்டை இழுத்தோம். கோடு சரியாக 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு வரும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து நேர் கீழே இறக்கி, தரையில் எவ்வளவு தூரம் என்று அவள் அளந்தாள். 47 சென்டிமீட்டர். அதாவது 4.7-க்கு 1.

தாத்தாதான் முதலில் பார்த்தார். “அன்னிக்கு சார் போர்டுல எழுதுனதும் நாலே முக்காலு தானே?”

பன்னிரண்டுக்கு ஒன்று என்றால் 4.76 டிகிரி. 12 டிகிரி என்றால் 4.7-க்கு ஒன்று. அவள் சொன்ன தப்பான விடையும் நான் வட்டம் போட்ட சரியான விடையும் ஒன்றுக்கொன்று இடம் மாறி நின்றன. அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கணிதம் படித்தவன், இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

அப்புறம் எல்லோரும் சேர்ந்து பட்டியல் போட ஆரம்பித்தோம். சின்னக் கோணங்களைப் பாகைமானியில் அளக்க முடியாது என்பதால் செல்போன் கால்குலேட்டரை வைத்துக்கொண்டோம். இருபதுக்கு ஒன்று, 2.86 டிகிரி. பத்துக்கு ஒன்று, 5.71. ஐந்துக்கு ஒன்று, 11.31. இரண்டு எண்ணையும் பெருக்கிப் பார்க்கலாமா என்று கேட்டது எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன். ஏன் கேட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை. பெருக்கினால் 57.2, 57.1, 56.5. பன்னிரண்டுக்கு ஒன்றைப் போட்டாலும் 57-தான். எதைத் தொட்டாலும் 57 பக்கம் வந்து நிற்கிறது.

“அம்பத்தேழுல என்ன இருக்கு?” என்றார் தாத்தா.

எனக்கு விடை தெரியும். சொல்லவில்லை. கூட்டம் தொடங்கிய நாளிலிருந்து நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருப்பது சுலபமாக இருக்கவில்லை.

தாம்பாளமும் நூலும்

மூன்றாவது வாரம் தையற்கடை அக்காவே வந்தார், மகள் என்னதான் செய்கிறாள் என்று பார்க்க. அவர் கையோடு கொண்டுவந்தது ஒரு எவர்சில்வர் தாம்பாளம், டீ எடுத்து வர. டீ இறங்கியதும் தாம்பாளத்தைக் கவிழ்த்து வைத்து வட்டம் வரைந்தோம். மையம் கண்டுபிடிக்க வட்டத்தை வெட்டி இரண்டு தடவை மடித்தோம். ஆரம் 15 சென்டிமீட்டர். அதே நீளத்துக்கு ஒரு நூலை அறுத்து, விளிம்போடு ஒட்டி வைத்து, இரண்டு முனையிலிருந்தும் மையத்துக்குக் கோடு போட்டு, நடுவில் எவ்வளவு கோணம் என்று அளந்தால், 57-ஐ ஒட்டி வந்தது.

அதே நூலைத் தொடர்ந்து வைத்துக்கொண்டே போனால் ஆறு தடவை போகிறது, கடைசியில் இரண்டு விரல் அகலத்துக்கு இடம் மிச்சம். 360-ஐ அந்த ஆறு சொச்சத்தால் வகுத்தால் 57.3. அந்த ஆறு சொச்சம் பை (π) என்ற எண்ணின் இரட்டிப்பு, 6.28 என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள்.

ஆனால் வட்டத்துக்கும் ரயில் ஏற்றத்துக்கும் என்ன சம்பந்தம்? இங்கே எல்லோரும் தேங்கி நின்றபோது வழி காட்டியது அக்காதான். “கை வளைவு வெட்டும்போது மொத்தமா அளக்கணும்னா டேப்ப நிமித்தி, விளிம்போட வளைச்சு வைக்கணும் சார். ஆனா ரெண்டு இஞ்ச் துண்டுன்னா வளைக்கவே வேணாம். நேரா வச்சாலும் அதே அளவுதான். துணிக்கு வித்தியாசம் தெரியாது.”

அதுதான் முழு விஷயமும். ஏற்றம் சின்னதாக இருக்கும்வரை, நேராக மேலே ஏறுகிற உயரமும் வட்டத்தின் விளிம்போடு போகிற வில்லும் கிட்டத்தட்ட ஒன்று. பன்னிரண்டு அடி ஆரமுள்ள வட்டத்தில் ஒரு அடி வில் என்றால், கோணம் 57.3-இல் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதனால்தான் பெருக்கல் எப்போதும் 57-க்குப் போகிறது. ஏற்றம் பெரிதானால் அக்காவின் துணிக்கு வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும்: இரண்டுக்கு ஒன்று என்றால் பெருக்கல் 53-தான், ஒன்றுக்கு ஒன்று என்றால் 45.

கல்லூரிப் பையன் பற்றி இங்கே சொல்ல வேண்டும். விடை சொல்லக் கூடாது, எப்படிப் பார்த்தாய் என்றுதான் சொல்ல வேண்டும் என்று நான் வழக்கத்தை மாற்றியதும் அவன் வருவதை நிறுத்திவிட்டான். ஒரு நிமிஷத்துக்கு ஒரு கேள்வி என்று பழகினவனுக்கு மூன்று வாரம் ஒரு தாம்பாளத்தோடு உட்காருவது தண்டனை. மெதுவாக யோசிப்பவர்களுக்குக் கதவைத் திறக்கிறேன் என்று வேகமாக யோசிப்பவன் முகத்தில் சாத்தியிருக்கிறேன். போன் போட்டு ஒரு வேலை கொடுத்தேன்: “இந்த 57-ஐ நமக்கு முன்னாடி யார் யார் பாத்திருக்காங்கன்னு தேடிட்டு வா.” இரண்டு வாரம் கழித்து 3438 என்ற ஒற்றை எண்ணோடு வந்தான். ஆரியபட்டர் 499-இல் கொடுத்த சைன் அட்டவணையில் ஆரம் 3438. ஒரு டிகிரிக்கு 60 கலை, 57.3-ஐ 60-ஆல் பெருக்கினால் 3438. வட்டத்தின் விளிம்பை அளக்கிற அதே கலையாலேயே ஆரத்தையும் அளந்திருக்கிறார். தாம்பாளத்தில் நாங்கள் நூலால் செய்தது அதேதான். அதைச் சொன்னபோது அவன் குரலில் இருந்த சந்தோஷம் எந்தத் தேர்விலும் அவனுக்குக் கிடைத்திருக்காது என்று நினைக்கிறேன். அவனிடம் கேட்கவில்லை.

முத்தோரை

இந்தக் குறுக்கு வழி கையில் கிடைத்ததும் பிள்ளைகள் கண்ணில் பட்டதையெல்லாம் அளக்க ஆரம்பித்தார்கள். பாகைமானியில் நூல் கட்டி, நுனியில் ஒரு வாஷர் தொங்கவிட்டு, தெருத் தெருவாக அலைந்தார்கள். அதில் ஒரு விஷயம் மட்டும் இங்கே.

ஊட்டி பக்கம் முத்தோரையில் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டப்பட்டு 1970-இலிருந்து வேலை செய்கிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதை ஏன் ஒரு மலைச் சரிவில் கொண்டுபோய்க் கட்டினார்கள்? எங்கள் ஊர் பூமத்திய ரேகைக்கு 11 டிகிரி வடக்கே இருக்கிறது. அந்தச் சரிவும் வடக்கு தெற்காக 11 டிகிரி. அதனால் சரிவில் படுத்திருக்கும் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. பூமி சுழலச் சுழல, தொலைநோக்கியை அந்த ஒரே அச்சில் எதிர்ப்பக்கமாகத் திருப்பிக்கொண்டே இருந்தால் போதும். ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் பார்க்கலாம். ஒரு துடைப்பக்குச்சியையும் ஆரஞ்சுப் பழத்தையும் வைத்து இதைப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. இரண்டு பேருக்கு இன்னும் புரியவில்லை, அவர்கள் அதை வெட்கப்படாமல் சொன்னார்கள். ஜூலையில் இது நடந்திருக்காது.

அந்தப் பெண் 57-ஐ 11-ஆல் வகுத்தாள்: ஐந்தே கால் கொஞ்சம் குறைய. “அப்ப ரயிலைவிட ரெண்டு மடங்குக்கு மேல செங்குத்து சார்.” அடுத்து 530-ஐ அதால் வகுத்தாள். தொலைநோக்கியின் ஒரு முனை மற்ற முனையைவிட ஏறக்குறைய நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தினமும் அந்த வழியில் பஸ் ஓட்டும் அவளுடைய சித்தப்பா நம்ப மறுத்துவிட்டாராம். காகிதத்தில் போட்டுக் காட்டியும் “ஏதோ கணக்குல தப்பு” என்று போய்விட்டாராம்.

இப்போது எப்படி நடக்கிறது

இன்று பதினோரு பேர் வருகிறார்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் ஏழானது. மண் சரிந்து ரயிலே நின்ற வாரத்தில் நானும் தாத்தாவும் மட்டும் இருந்தோம், அன்று கணக்கே பேசவில்லை. ஆகவே எண்ணிக்கையை வைத்து நான் எதையும் நிரூபிக்க வரவில்லை.

மாறியது ஒரு பழக்கம். யாராவது தப்பான விடை சொன்னால் முதலில் “எப்படி வந்தது?” என்று கேட்கிறோம். அப்புறம், “இது எந்தக் கேள்விக்குச் சரியான விடை?” என்று தேடுகிறோம். ‘எல்லாரும் வாங்க’ என்று நோட்டீஸ் ஒட்டியதாலோ ஓசி டீ கொடுத்ததாலோ யாரும் தங்கவில்லை. இந்த இரண்டு கேள்விக்கப்புறம்தான் தங்கினார்கள். கதவு திறந்திருக்கிறதா என்பதை ஆட்கள் உள்ளே வரும்போது பார்ப்பதில்லை. முதல் தடவை தப்பு செய்யும்போது பார்க்கிறார்கள்.

எப்போதும் இது பலிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூட்டலில் விட்டுப்போன தப்பு வெறும் தப்புதான். அதற்குள் ஒன்றும் இல்லை. ஒரு பையன் வேண்டுமென்றே கண்டபடி எண்களைச் சொல்லி, “இது எந்தக் கேள்விக்கு விடை, கண்டுபிடிங்க” என்று ஒரு மாதம் எங்களைப் படுத்தினான். அவனை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் விழித்தேன். கடைசியில் அந்தப் பெண்தான் சொன்னாள், “முதல்ல நீ எப்படி வந்ததுன்னு சொல்லு.” நிறுத்திவிட்டான்.

போன வாரம் அவள் நோட்டில் வேறொரு பட்டியல் இருந்தது. ஒவ்வொரு ஏற்றத்திலும் அந்தப் பெருக்கல் 57.3-ஐவிட எவ்வளவு குறைகிறது என்று எழுதியிருந்தாள். ஐந்துக்கு ஒன்றில் குறை 0.75. பத்துக்கு ஒன்றில் 0.19. “ஏத்தம் பாதியானா குறையும் பாதியாகும்னு நெனச்சேன் சார், கால்வாசி ஆயிடுது. ஏன்?”

விடை இந்த மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், பதினான்காம் நூற்றாண்டுக் கணித அறிஞர் சங்கமகிராம மாதவர் கண்ட, கோணத்தைக் கணக்கிடும் தொடரில் இருக்கிறது. அறையில் ஒருவருக்கும் அது தெரியாது, கல்லூரிப் பையனைத் தவிர. அவன் முகத்தைப் பார்த்தேன். வாயைத் திறக்காமல் வர்க்கியைக் கடித்துக்கொண்டிருந்தான்.